உங்கள் காத்திருப்பு இன்று முடிகிறது

சட்டைப்பையில் தாலி இருந்தது. பஞ்சுத்துணியில் சுற்றி, பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் நீல மையில் ‘சங்கரவடிவு’ என்று எழுதி நர்ஸ் கொடுத்தது. அதே பையில் செல்போனும் கிடந்ததால், போன் அதிரும்போதெல்லாம் தாலியும் கூடவே அதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே இன்னொரு சின்ன நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்வது போலிருந்தது அம்பலவாணனுக்கு. டாக்டராக இருக்கும் என்று அவசரமாக எடுத்துப் பார்த்தார். டாக்டர் இல்லை, மெயில். சொந்த மெயிலை அவர் திறந்து பார்த்தே மாதக்கணக்காகிறது. இன்றைக்கு எந்த அழைப்பும் தவறிவிடக்கூடாது என்று புனேயிலிருந்து மகள் நித்திலாதான் நேற்று போனிலேயே சொல்லிச் சொல்லி அத்தனை அறிவிப்பு மணிகளையும் திறந்துவிட வைத்திருந்தாள். அவளுக்கு நிறைமாதம், வர முடியாது, மணியையாவது அனுப்பினாள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மெயில் தமிழில் இருந்தது. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. ‘அன்புள்ள அம்பலவாணன், மகிழ்ச்சியான செய்தி! உங்கள் காத்திருப்பு இன்று முடிகிறது.’ அந்த இடத்தில் கண்ணாடிக் கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். ‘படத்துக்கு அணிவிக்கும் சந்தனச் சீவல் மாலை, பெரியது, ஒன்று, இன்று மதியத்துக்குள் உங்கள் வாசலுக்கு வந்து சேரும்.’ கீழே மாலையின் படமும் போட்டிருந்தது. மாலை ஒரு மரச்சட்டத்தைச் சுற்றித் தொங்கியது. சட்டத்துக்குள் ஆள் இல்லை. வெள்ளையாக, யாருக்காகவோ இடம் விட்டுவைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் நீல எழுத்தில் ஒரு வரி: ‘இது நீங்கள் செய்த ஆர்டர் இல்லையா? ரத்து செய்ய இங்கே அழுத்தவும்.’

அவர் சிரித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், சத்தம் வராத சிரிப்பு. யாரிடம் வந்து யார் வலை விரிக்கிறான்! பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியில் அவருக்கு வேலையே இதுதான். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மகளிர் குழுக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய், மெயில் மோசடி எப்படி வரும் என்று படம் போட்டுக் காட்டுவது. அவன் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவசரப்படுத்துவான். நீங்கள் வாங்காத ஒன்றை வாங்கியதாகச் சொல்லிப் பதற வைப்பான். தமிழ் கொஞ்சம் கோணலாக இருக்கும், மகிழ்ச்சியான செய்தி என்பான். கடைசியில் ஒரு நீல எழுத்தைக் காட்டி அழுத்து என்பான். அழுத்தினீர்களோ, தீர்ந்தது கதை. இதைச் சொல்லும்போது கையைக் கத்தி மாதிரி ஆட்டுவார், பெண்கள் சிரிப்பார்கள். முன்னீர்பள்ளம் கூட்டத்தில் ஒரு அம்மாள் எழுந்து, “அழுத்தாம இருந்தா மட்டும் அவன் விட்டிருவானா சார்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். இப்போது யோசித்தால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு கருப்புக் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உண்மையிலேயே பதில் வேண்டும் என்றுதான் நின்றாள். அழுத்தாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மெயில் கிடக்கும். ஆனால் மெயிலில் மாலையும் கிடக்கும். ரத்து செய்யாத மாலை. மதியத்துக்குள் வரப்போகிற மாலை. அவன் ஒரு செருப்பு என்று அனுப்பியிருக்கலாம், மிக்ஸி என்று அனுப்பியிருக்கலாம், இத்தனை சாமான் இருக்கிற உலகத்தில் இதைத்தானா எடுத்தான், அதுவும் இன்றைக்கா? திருடனுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதும் அவர் பேச்சில் ஒரு பகுதிதான். ஊர்பூராவும் தூண்டில் போடுவான், எங்கேயோ ஒன்று மாட்டும். அப்படியானால் இதே மாலை இன்று காலையில் எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. யாரோ பல் தேய்த்துக்கொண்டே பார்த்து அழித்திருப்பார்கள், யாரோ பஸ்ஸில் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதில் பெண்டாட்டியை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவன் தான் ஒருவன்தானே? தான் ஒருவன்தான் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டார். தாலியில் பட்டு டிக்கென்றது.

சாதாரண ஆபரேஷன்தான். கர்ப்பப்பையை எடுப்பது. யாரைக் கேட்டாலும் இதே இரண்டு வார்த்தைதான்: சாதாரண ஆபரேஷன். லிப்டில் வந்தவர் சொன்னார், கேண்டீன்காரர் சொன்னார், பாளையங்கோட்டையில் பாதிப் பெண்களுக்கு இது ஆகியிருக்கிறது என்கிற மாதிரி டாக்டரே சொன்னார். நடுக்கூடத்து டிவியில் சத்தம் இல்லாமல் ஒருத்தி கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். பினாயில் வாசனை நாக்கில் ஒட்டியது. எதிர் வரிசையில் மாஸ்க் போட்ட ஒருவன், வந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வப்போது நிமிர்ந்து இவரைப் பார்க்கிறான். ஏன் பார்க்க வேண்டும்? ஆஸ்பத்திரியின் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு யார் உறவு என்கிற விவரத்தை ஒருவனால் எடுக்க முடியுமா? முடியும், அவரே அதற்கும் ஒரு படம் வைத்திருக்கிறார், இலவச வைஃபை என்று. அட்மிஷன் மேஜையில் எல்லாவற்றையும் கேட்டார்கள்: பெயர், போன் நம்பர், மெயில், நோயாளிக்கு என்ன உறவு. எல்லாவற்றையும் சொன்னாரே! ஊருக்கெல்லாம் ‘தெரியாதவர்களிடம் விவரம் சொல்லாதீர்கள்’ என்கிற மனிதர், ஒரு கண்ணாடிச் சன்னலுக்குள் தலையை விட்டு, பெண்டாட்டியின் வயசு, ரத்த வகை, எந்த ஆபரேஷன் என்பது வரைக்கும் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார். அப்படியென்றால் இது தூண்டில் இல்லை. இவரைத் தெரிந்து, இவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் தெரிந்து, உள்ளே யார் படுத்திருக்கிறாள் என்று தெரிந்து அனுப்பியது. மாஸ்க் போட்டவன் எழுந்தான். நேராக வந்தான். “அண்ணாச்சி, சார்ஜர் இருக்கா?” என்றான். இல்லை என்று சொல்வதற்குள் அம்பலவாணனுக்கு முதுகு நனைந்துவிட்டது. அவன் தங்கச்சிக்கு உள்ளே பிரசவமாம், காலையிலிருந்து ஊர் முழுக்கப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். பாவம், பேட்டரி போகாமல் என்ன செய்யும். அம்பலவாணனுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் பயம் போய்விடும் என்பார்கள். இவருக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

பிரமு அக்காவுக்கும் சாதாரண ஆபரேஷன்தான். உள்ளே படுத்திருக்கிற வடிவுக்கு ஒரே அக்கா, பிரமநாயகி. பித்தப்பையில் கல். போய்விட்டுச் சாயங்காலம் வந்து மாவு ஆட்டணும் என்று உளுந்தை ஊறப்போட்டுவிட்டுப் போனவள், மயக்கம் தெளியவே இல்லை. உளுந்து ஊறி ஊறி நுரைத்துப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்ததை வடிவுதான் கொண்டுபோய்க் கொட்டினாள். அன்றைக்கு அக்கா புருஷனான அத்தான் அழுதுகொண்டு கிடக்க, படம் ஒன்று வேண்டுமே என்று தேடினார்கள். தனியாக ஒரு படம் இல்லை அந்த அக்காவுக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஓரத்தில் நிற்கிறவள். கடைசியில் ஏதோ ஒரு வரவேற்புப் படத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கினார்கள். அதில் அவள் தோள்மேல் யாரோ ஒருவருடைய கை இருந்தது. ஆள் இல்லை, கை மட்டும், மோதிரம் போட்ட கை. அதற்கு மாலை வாங்கிவரப் போனது அம்பலவாணன்தான். ரோட்டில் தொங்கியதில் பளபளப்பாக ஒன்று, ஜிகினா போட்ட பிளாஸ்டிக் பூமாலை, அவசரத்தில் அதுதான் கிடைத்தது. அது ஒரே வருஷத்தில் வெளுத்து, தூசி படிந்து, இன்றைக்கும் அத்தான் வீட்டுச் சுவரில் அப்படியே தொங்குகிறது. வடிவு அங்கே போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, அக்கா முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்ப்பாள். “யாரு கையின்னே தெரியலியே” என்பாள். ஒரு தடவை இவர், “யாரா இருந்தா என்ன, போன ஆளுக்கு என்ன தெரியப்போவுது” என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவில்லை. இந்த ஆபரேஷன் என்று முடிவானபோதும் அவள் பயப்படவில்லை, அழவில்லை, அவருக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. ஒட்டடை அடித்தாள், இட்லிப்பொடி இடித்துப் பாட்டிலில் அடைத்தாள், கேஸ் எப்போது பதிய வேண்டும் என்று சொன்னாள். ஊருக்குப் போகிறவள் மாதிரி ஒவ்வொன்றாக முடித்தாள். அதை இவர் தைரியம் என்று நினைத்துக்கொண்டார்.

போன் அதிர்ந்தது. தாலி அதிர்ந்தது. டாக்டர் இல்லை. ‘அன்புள்ள அம்பலவாணன், உங்கள் மாலையோடு சேர்ந்து பயணிக்கிறது: தேக்கு நிறப் படச்சட்டம், பன்னிரண்டுக்குப் பதினைந்து, கண்ணாடியுடன்.’ அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று: ‘படத்தின்முன் எரியும் சிவப்பு மின்விளக்கு, குறைந்த வெளிச்சம், அணையாமல் எரியும்.’ கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நீல எழுத்தின் மேல் கட்டைவிரல் போய் நின்றது. அழுத்தினால் என்ன? கணக்கில் இருப்பதை வழித்துக்கொண்டு போவான், போகட்டுமே! அதற்குப் பதில் இந்த மாலை நின்றுபோகும் என்றால் போகட்டுமே! வங்கியில் வேலை பார்க்கிற ஒருவன், ஊருக்கே பாடம் எடுக்கிறவன், இப்படி நினைக்கிறோமே என்று ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது. ஒரு மெயிலை ரத்து செய்தால் உள்ளே ஒருத்தி பிழைத்துக்கொள்வாளா என்று அறிவு கேட்டது. செய்யாமல் விட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ‘இது நீங்கள் செய்த ஆர்டர் இல்லையா’ என்று அவன் அத்தனை மரியாதையாகக் கேட்டபோது பேசாமல் இருந்தாயே என்று சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கப்போவது யார்? பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது, அல்லது காப்பாற்றவில்லை. சந்தேகம் வந்தால் மெயிலில் இருக்கிற எழுத்தைத் தொடாதீர்கள், நீங்களாகவே கடையின் ஆப்பைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள், ஆர்டர் அங்கே இல்லையென்றால் அது பொய், நிம்மதியாகத் தூங்குங்கள். ஆயிரம் தடவை சொன்ன வாசகம். ஆப்பைத் திறந்தார். அது முழுக்கத் தமிழில் இருந்தது. அவர் எப்போதும் இங்கிலீஷில்தான் வைத்திருப்பார், யார் மாற்றியது? ‘உங்கள் ஆர்டர்கள்’ என்பதைத் தொட்டார். சக்கரம் சுற்றியது. மாலை வந்தது. சட்டம் வந்தது. விளக்கு வந்தது. மூன்றும் இருந்தன, அதற்குக் கீழே அவர் தள்ளிப் பார்க்கவில்லை. பொய் இல்லை. அவர் பெயரில், அவர் வீட்டு முகவரிக்கு, உண்மையாகவே வந்துகொண்டிருந்தன. வங்கியிலிருந்து பணம் போனதாக ஒரு செய்தியும் இல்லை. பணமும் போகாமல், ஆளும் கேட்காமல், பொருள் தானாக வருகிறது. இப்படி ஒன்றுக்கு அவரிடம் படம் இல்லை.

ரத்து செய்யும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். ‘நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தமே. காரணம் சொல்லுங்கள்’ என்றது. காரணங்களை அதுவே வரிசையாகக் கொடுத்திருந்தது, ஒன்றைத் தொட வேண்டும். ‘வந்து சேரத் தாமதமாகிறது.’ ஐயோ, இல்லை, தாமதமாகிறது என்று நான் சொல்லவே இல்லை. ‘வேறு இடத்தில் இதைவிட நல்லது கிடைத்தது.’ அவசரமாகக் கீழே தள்ளினார். ‘இனித் தேவையில்லை.’ இதுதான் சரி, இதுதான் வேண்டியது, தேவையில்லை, தேவையே இல்லை. ஆனால் அந்த ‘இனி’ அவரை நிறுத்தியது. இனி என்றால் இதுவரை தேவைப்பட்டது என்றாகிறதே, நான் எப்போது கேட்டேன், யாரிடம் கேட்டேன்? ஒரு தடவை வடிவுக்கு மூச்சுமுட்டு வந்து இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தபோது, அவருக்குத் தூக்கம் சொக்கி, எப்படியாவது இது முடிந்தால் சரி என்று நினைத்தாரே, அப்போதா? அது இதை நினைத்தது இல்லை. சாமி சத்தியமாக அது மூச்சுமுட்டை நினைத்தது. எங்கேயோ யாரோ அதைத் தப்பாக எழுதிக்கொண்டார்களா? கடைசியில் ‘தவறுதலாக ஆர்டர் செய்துவிட்டேன்’ என்பதை அழுத்தினார், அழுத்தும்போது உதடு தானாக ‘தப்புதான், தப்புதான்’ என்றது. சக்கரம் சுற்றியது. ‘மன்னிக்கவும். பொருள் புறப்பட்டுவிட்டது. இனி நிறுத்த இயலாது.’

கதவு திறந்தது. “சங்கரவடிவு அட்டெண்டர் யாரு?” பச்சை உடை போட்ட நர்ஸ், முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. அம்பலவாணன் எழுந்த வேகத்தில் நாற்காலி கிறீச்சென்றது. “கொஞ்சம் ரத்தம் கூடுதலாப் போயிட்டு சார். இன்னொரு யூனிட் ஏத்தணும், கீழ பிளட் பேங்க்ல சொல்லியாச்சு. இதுல ஒரு கையெழுத்து.” “அவ எப்படி இருக்கா?” “பாத்துக்கிட்டு இருக்காங்க சார்.” “எப்படி இருக்கான்னு கேக்கேன்மா.” “டாக்டர் வந்து சொல்லுவாங்க,” என்று அவள் பேனாவை நீட்டினாள். கையெழுத்து யாருடையதோ மாதிரி விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. பிரமு அக்காவின் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க என்றார்கள்; அத்தானுடன் இவர்தான் நின்றார். பார்த்துக்கொண்டு இருப்பது என்றால் என்ன? சுவரில் இருப்பதையும்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். சுவர் என்றதும் ஆணி நினைவுக்கு வந்தது. போன வாரம் நடுவீட்டுச் சுவரில், அவருடைய அப்பா அம்மா படங்களுக்குப் பக்கத்தில், புதிதாக ஆணி அடித்திருந்தது. எலெக்ட்ரீஷியன் ஃபேன் பார்க்க வந்தபோது வடிவு அடிக்கச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. எதற்கு என்று கேட்டதற்கு, “ஒண்ணு காலண்டருக்கு. இன்னொண்ணு இருக்கட்டும்” என்றாள். காலண்டர் அடுப்படியிலேயேதான் தொங்குகிறது. அதற்கும் முன்னால் ஒரு நாள், ஆதார் அட்டையில் படம் மாற்றணும் என்று ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அரக்குப் பட்டுப்புடவை, ஜிமிக்கி, தலை நிறையப் பிச்சிப்பூ. ஆதாருக்கு யாராவது பட்டுக் கட்டுவார்களா என்று வண்டி ஓட்டிக்கொண்டே கேலி செய்தார். அவள் அதற்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். ஸ்டுடியோவில் அவளுக்கு எடுத்து முடித்ததும், “நீங்களும் ஒண்ணு எடுத்துக்கிடுங்களேன், சும்மா இருக்கட்டும்” என்று ரொம்பவும் வற்புறுத்தினாள். எனக்கெதுக்கு என்று வெளியே வந்து டீ குடித்தார். ஒவ்வொன்றாக வந்து நின்றன, ஆணி, பட்டுப்புடவை, தமிழுக்கு மாறிப்போன ஆப், இன்று விடியும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்குள் அவள் முகத்தில் விழுந்திருந்த போன் வெளிச்சம். யாருடன் பேசுகிறாய் என்று கேட்டதற்கு, நித்திலாகூட என்றாள். வந்து நின்றன, ஆனால் அவர் அவற்றைச் சேர்க்கவில்லை. சேர்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மெயில் அவருக்காக அதைச் சேர்த்துவிட்டது. ‘ஆண்களுக்கான கை வைக்காத பருத்திப் பனியன், அளவு தொண்ணூற்றைந்து, வெள்ளை, ஆறு.’ அதோடு, ‘சின்ன குக்கர், ஒருவருக்குப் போதுமானது.’ அம்பலவாணன் அதை வெறித்துப் பார்த்தார். தொண்ணூற்றைந்து. அவராக வாங்கினால் எப்போதும் தொண்ணூறுதான் வாங்குவார்; அக்குளில் பிடிக்கும், ஒரு தோய்ப்பில் இறுகும், அவள் திட்டிக்கொண்டே கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருவாள். இந்த உலகத்தில் அவருடைய பனியனின் அளவு தெரிந்த ஆள் ஒருத்திதான். அவருக்கே தெரியாது. ஒருவருக்குப் போதுமான குக்கர். ஒருவருக்கு. எவனோ ஒரு திருடன் தன்னை நோட்டம் பார்க்கிறான் என்று காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தாரே, பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், முப்பது வருஷமாக, ஒரே வீட்டில், ஒரே பாயில். அவள் மேல் அவருக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம். எழுந்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், மயக்கத்தில் கிடக்கிறவளைத் தட்டி எழுப்பி, உனக்கு எவ்வளவு திமிர் இருந்தால் எனக்குக் குக்கர் வாங்குவாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. என்னை ஒருவனாக்கிப் பார்க்க உனக்கு எப்படி மனம் வந்தது? நீ போன பிறகு நான் அரிசி களைந்து வைப்பேன் என்றும், புதுப் பனியன் போட்டுக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் நிற்பேன் என்றும் உட்கார்ந்து யோசித்தாயா? போர்வைக்குள் படுத்துக்கொண்டு, நான் கீழே பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது யோசித்தாயா? கண்ணாடி நனைந்து சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அவர் அழுகிறார் என்பது எதிர் வரிசைக்காரன் பார்வையைத் திருப்பிக்கொண்டபோதுதான் அவருக்கே தெரிந்தது.

போன் அடித்தது. அதிர்வு இல்லை, முழு மணி, கூடமே திரும்பிப் பார்த்தது. டாக்டர்! “சொல்லுங்க சார், சொல்லுங்க” என்றார். “அம்பலவாணன் சாரா?” பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “பார்சல் கொண்டாந்திருக்கேன் சார். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கேன். கதவு பூட்டியிருக்கு.” தன் வீட்டு வாசல் கண்ணில் தெரிந்தது, மாடிப்படி, நீலக் கதவு, காய்ந்த மாவிலை, அதற்கு முன்னால் அது வந்து நின்றுவிட்டது. சொன்னபடி, மதியத்துக்குள். “வேண்டாம்மா. திருப்பிக் கொண்டு போயிருங்க.” “திருப்பி எடுக்க முடியாது சார், மேடம் தன் பேர் போட்டு முந்தியே எழுதியிருக்காங்கல்லா. ஆஸ்பத்திரியில இருப்போம், வீட்டுல ஆள் இருக்காது, கதவுக் கொண்டியில மாட்டிருங்கன்னு. பையில போட்டு மாட்டிட்டேன் சார்.” மாட்டிட்டேன். அந்த வார்த்தை அவர் காதுக்குள் போய் எங்கேயோ ஆணியில் தொங்கியது. “கழத்துங்க!” என்று கத்தினார். “கழத்துங்கம்மா அத! இப்பவே கழத்துங்க!” “என்ன சார்?” “கதவுல மாட்டாதீங்க. தரையில வைங்க, எங்கயாவது வைங்க, கதவுல மட்டும் வேண்டாம்.” அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பையின் மேல் என்ன எழுதியிருந்ததோ, குரல் தணிந்துவிட்டது. “சரிங்க சார். கழத்திட்டேன். எதுத்த வீட்டுல குடுத்திருதேன். படியில வச்சா நாய் இழுத்துட்டுப் போயிரும்.” பிறகு, “மேடம் நல்லாருக்காங்களா சார்?” என்று கேட்டாள். முகம் தெரியாத ஒருத்தி, காலையிலிருந்து எத்தனை மாடி ஏறினாளோ, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்கிறாள். “பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றார் அம்பலவாணன். அவள், “ஒண்ணும் ஆவாது சார்” என்று வைத்துவிட்டாள். இது வெறும் வாய்வார்த்தை என்று தெரியும். ஆனாலும் போனைப் பைக்குள் போடாமல் அதை வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். டிவியில் கத்திரிக்காய் முடிந்து வேறு யாரோ ரசம் வைத்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜர் கேட்டவனுக்குப் பெண் குழந்தை என்று வந்து சொன்னார்கள். அவன் இவருக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தான். வாயில் போட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று அதையும் கையிலேயே வைத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு எப்போது அணைந்தது என்று அவர் பார்க்கவில்லை. மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அணைந்திருக்கிறது. நிமிர்ந்தபோது டாக்டர் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு நின்றார். அவர் வாய் அசைந்ததில் ‘நல்லாருக்காங்க’ என்ற ஒரு வார்த்தை மட்டும் அம்பலவாணனுக்குக் கேட்டது. மற்றதெல்லாம் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம்.

வெயில் சாய்ந்த நேரத்தில் அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கழுத்து மொட்டையாக இருந்தது. அவர் பஞ்சுத்துணியைப் பிரித்து, தாலியைச் சத்தமில்லாமல் அவள் தலையைச் சுற்றிக் கொண்டுபோய்க் கழுத்தில் போட்டுவிட்டார். சரடின் குளிர்ச்சி பட்டுத்தான் அவள் விழித்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே, “என்னங்க” என்றாள். “இருக்கேன்.” “பார்சல் வந்துட்டா?” அம்பலவாணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “வந்துட்டு.” “பிரிச்சுப் பாத்தியளா? சீவல் எதுவும் உதுந்திருந்தா இன்னைக்கே சொல்லணும். கண்ணாடி வேற இருக்கு.” “எதுக்கு வடிவு இதெல்லாம்?” “பின்ன? உங்களைய நம்பி விட்டா நித்திலா கல்யாண ஆல்பத்துல இருந்து என்னைய வெட்டி எடுத்திருப்பிய. எவ கையோ என் தோள் மேல இருக்கும்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு தரம் உதட்டை நனைத்துக்கொண்டாள். “உங்க பிறந்தநாளுக்கு நித்திலா அனுப்பின கிஃப்ட் கார்டு முடியப் போவுதுன்னு உங்க போன்ல மெயில் வந்துக்கிட்டே கிடந்துச்சு. அதுலதான் போட்டேன்.” “நாளைக்கே எல்லாத்தையும் திருப்பி அனுப்பிருதேன்” என்றார். அவள் அப்போதுதான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். மயக்கம் இன்னும் முழுசாக விலகாத கண், எங்கேயோ போய்விட்டு வந்த கண், அதில் அவர் எத்தனை சின்னதாகத் தெரிந்தாரோ. “அனுப்பாதீங்க” என்றாள். “நல்ல சந்தனம். துணியில சுத்திப் பீரோவுல வச்சா எத்தனை வருசம்னாலும் கெடாது. நமக்குள்ள யாருக்குன்னாலும் ஆகும்லா.” சுவரில் அந்த இரண்டாவது ஆணி அவர் கண்முன் வந்து நின்றது. காலையிலிருந்து அவரை ஆட்டிவைத்த நடுக்கம் ஒரு நொடி மறுபடி வந்து, வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது, விரட்டத் தோன்றவில்லை. வடிவு கையைத் துழாவி அவர் சட்டைக் காலரைத் தொட்டு, அழுக்கா என்று பார்க்கிற மாதிரி தடவினாள். “தையல் பிரிச்சதும் ஸ்டுடியோவுக்குப் போவோம், என்ன? இந்தத் தடவை டீ குடிக்கப் போயிரப்பிடாது. அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிடுங்க, அதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்.” யார் என்ன கேட்டாலும் யோசிக்காமல் சரியென்று சொல்லிவிடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அம்பலவாணன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி” என்றார்.